காற்று நின்றால் தொட்டி செத்துவிடும்: வீட்டுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பைப் பராமரிப்பது எப்படி?

தீபாவளித் திறந்த இல்ல விருந்து முடிந்த மறுநாள் காலை, வீட்டின் பின்புறம் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது செத்த எலியைத்தான். பிறகு கால்வாயில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். கழிப்பறையில் வாசனைத் திரவத்தைக் கொட்டுவார்கள். புல்தரைக்கு அடியில் புதைந்து கிடக்கும் தொட்டியின் நினைவு கடைசியில்தான் வரும். அந்தத் தொட்டிக்குக் காற்று அனுப்பும் சிறிய ஏர் பம்ப் எத்தனை நாளாக ஓடாமல் இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மலேசியாவில் தாமான் வீடுகள் பலவற்றின் கழிவுநீர், தெருவுக்கு அடியில் செல்லும் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. அந்த வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணத்தைச் செலுத்தினால் போதும். குழாய் எட்டாத இடங்களில் கதை வேறு. பழைய தாமான்கள், கம்போங் வீடுகள், சொந்த நிலத்தில் கட்டிய பங்களாக்கள், டுரியான் தோப்புக்குள் இருக்கும் ஓய்வு வீடுகள், ஹோம்ஸ்டே விடுதிகள், ஊருக்கு வெளியே உள்ள சில கோயில்கள் ஆகியவை தங்கள் கழிவுநீரைத் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு இருப்பது சாதாரண செப்டிக் தொட்டி. அண்மைக் காலத்தில் கட்டிய சில வீடுகளில் அதற்கு அடுத்த கட்டமான, காற்றூட்டும் சிறு சுத்திகரிப்பு அமைப்பு இருக்கிறது. இரண்டும் மண்ணுக்கு அடியில் கிடப்பதால் ஒன்றுபோலவே தோன்றும். பராமரிக்கும் விதம் முற்றிலும் வேறு.

மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறது?

சாதாரண செப்டிக் தொட்டியில் கழிவு அடியில் படிகிறது. எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கின்றன. நடுவில் இருக்கும் நீர் வெளியேறுகிறது. காற்று இல்லாத இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவில் ஒரு பகுதியை மெதுவாகத் தின்கின்றன. வெளியேறும் நீர் பாதி வேலை முடிந்த நீர்தான்.

காற்றூட்டும் அமைப்பில் இதன் பின்னால் இன்னோர் அறை சேர்கிறது. ஏர் பம்ப் அங்கே இரவு பகலாகக் காற்றை அனுப்பும். அடியில் இருக்கும் துளைத் தட்டுகள் வழியாகக் குமிழ்கள் எழும். பிராணவாயுவில் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் அங்கே பல்கிப் பெருகி, கழிவை வேகமாகத் தின்று, சிறுசிறு திரள்களாகச் சேரும். அடுத்த அறையில் காற்று இல்லை. திரள்கள் அமைதியாக அடியில் படிய, மேலே தெளிந்த நீர் வழிந்து வெளியேறும். படிந்த கசடில் ஒரு பகுதி மீண்டும் காற்றறைக்கே திரும்பும். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பம்ப் நின்றால் அங்கே மீன் மிதக்கும். இங்கே மிதப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த முறை புதிதல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, படிந்த கசடைக் கொட்டிவிடாமல் மறுபடியும் மறுபடியும் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் சுத்திகரிப்பு வேகமானது. 1914இல் அவர்கள் வெளியிட்ட அந்த முறைதான் இன்று பெருநகரங்களின் நிலையங்களிலும் நம் வீட்டுத் தொட்டியிலும் நடக்கிறது.

மலேசியாவில் சுத்திகரிப்பு அமைப்புகளை வடிவமைக்கும்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்றும், ஒரு வீட்டுக்கு 5 பேர் என்றும் கணக்கிடுவது வழக்கம். ஆக ஒரு வீட்டிலிருந்து நாளொன்றுக்கு 1,125 லிட்டர். அதில் இருக்கும் கழிவுச் சுமையை அளக்கும் பிஓடி அளவு, சுத்திகரிப்புக்கு முன் லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில் இருக்கும். 2009ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் ஆற்றில் விடப்படும் கழிவுநீருக்கு இந்த அளவு 20ஐத் தாண்டக்கூடாது என்கின்றன; மற்ற இடங்களில் 50. ஆனால் 150 பேருக்கும் குறைவான வீடமைப்புகளுக்கு அந்த விதிமுறைகள் பொருந்தாது. அதாவது தனி வீட்டின் தொட்டியிலிருந்து போத்தலில் நீர் எடுத்துப் பரிசோதிக்க அதிகாரி யாரும் வழக்கமாக வரமாட்டார். பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலாங்கூர் மக்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. லங்காட் ஆற்றில் அம்மோனியா அளவு ஏறியதால் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டு, குழாயில் காற்று மட்டும் வந்த நாள்கள் அவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு வீட்டுக் கழிவு மட்டுமே காரணமில்லை. குப்பைமேடு, பண்ணை, தொழிற்கூடம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. என்றாலும் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவைச் சாதாரண செப்டிக் தொட்டி ஏறக்குறைய அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. அதை வேறு பொருளாக மாற்றும் நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு வேண்டும். காற்றூட்டும் தொட்டிக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்ததன் பலன் அங்கேதான் இருக்கிறது. பம்பை அடைத்துவிட்டால், கூடுதல் விலைக்கு வாங்கிய சாதாரண செப்டிக் தொட்டிதான் மிஞ்சும்.

சுவிட்சை அடைக்கும் கை

பழுதுக்கு முதல் காரணம் கழிவு அல்ல, சுவிட்ச். மின்கட்டணம் மிச்சமாகும் என்று இரவில் பம்பை அடைப்பவர்கள் உண்டு. படுக்கையறை ஜன்னலருகே இரைச்சல் என்று அடைப்பவர்களும் உண்டு. வீட்டுக்கு ஏற்ற சிறிய பம்ப் ஒன்று 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரமும் ஓடினாலும் மாதத்துக்கு 43 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 45 சென் என்று கணக்கிட்டால் 20 ரிங்கிட்டைத் தொடவில்லை. இரண்டு பேர் உணவகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிடும் காசு. இதை மிச்சப்படுத்தப் போய், கசடு அள்ளும் லாரிக்கும் பழுது பார்ப்பவருக்கும் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

காற்று நின்ற சில மணி நேரத்தில் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு தீர்ந்துவிடும். ஒரு நாள், இரண்டு நாள் போனால் நாற்றம் தொடங்கும். பிறகு பம்பை ஓடவிட்டாலும், நுண்ணுயிர்க் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்ப நாள்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஊருக்குப் போகும்போதும் அடைக்கக்கூடாது. இரண்டு வாரம் உணவில்லாமல் அவை மெலிந்து கிடக்கும், காற்று இல்லாவிட்டால்தான் சாகும்.

சில நேரம் யாரும் அடைக்காமலேயே பம்ப் நிற்கிறது. நம் நாட்டில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. பெரிய இடி ஒன்று விழுந்தால் மெயின் சுவிட்ச் டிரிப் ஆகிவிடும். வீட்டில் ஆள் இருந்தால் உடனே தூக்கிவிடுவார்கள். ஆள் இல்லாத வாரத்தில் அது நடந்தால், திரும்பி வந்ததும் ஐஸ்பெட்டியில் கெட்டுப்போன மீனைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதே அளவு நேரம் காற்றில்லாமல் கிடந்த தொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பம்புக்குத் தனிச் சுவிட்சும், நின்றால் எரியும் சிவப்பு விளக்கும் வைத்துத் தரும்படி மின் பணியாளரிடம் கேட்கலாம். சுவிட்சின் மேல் தமிழில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. வீட்டு வேலைக்கு வருபவரும் வாடகைக்கு இருப்பவரும் படிக்கும்படி ‘ஜாங்ஙான் துதுப்’ என்றும் எழுதி ஒட்டுவது நல்லது.

பம்புக்கு வேண்டிய கவனிப்பு அதிகமில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு போன்ற காற்று வடிகட்டி இருக்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் தட்டி, கழுவி, நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும். ஈரத்தோடு போடக்கூடாது. எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பான அந்தப் பெட்டியை வீடாக்கிக்கொள்ளும், அதையும் பார்க்க வேண்டும். வெயில் நேராக விழும் இடத்தில் பம்ப் இருந்தால் மேலே ஒரு கூரை போட வேண்டும். அதே நேரம் காற்றோட்டம் இல்லாதபடி பெட்டிக்குள் அடைத்துவிடவும் கூடாது. உள்ளே துடிக்கும் ரப்பர்த் தகடான டயாப்ரம், பொதுவாக 2 அல்லது 3 ஆண்டில் தேய்ந்து கிழியும். அது கிழிந்தால் பல பம்புகள் தாமாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கின்றன. பம்பே கெட்டுவிட்டதென்று புதிது வாங்குவதற்கு முன், டயாப்ரம் மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பம்ப் ஓடும் சத்தம் கேட்பதாலேயே தொட்டிக்குக் காற்று போகிறது என்று நம்பிவிட முடியாது. ரப்பர்க் குழாய் வெயிலில் வெடித்து, காற்று முழுவதும் செடிக்கு வீசிக்கொண்டிருக்கலாம். மூடியைத் திறக்கும்போது குமிழ் அறை முழுவதும் சீராக எழ வேண்டும். ஒரு மூலையில் மட்டும் கொதித்து மறுமூலை அசையாமல் இருந்தால், துளைத் தட்டு அடைத்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

மைலோ, தே தாரிக், கோப்பி ஓ

சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். காற்றறையின் நலத்தைச் சொல்ல இதைவிட எளிய ஒப்பீடு இல்லை. நீர் மைலோ நிறத்தில், மழை நனைத்த மண் வாசனையோடு இருந்தால் தொட்டி நலமாக இருக்கிறது. தே தாரிக் போல வெளிறி இருந்தால் நுண்ணுயிர் போதாது; புதிதாகத் தொடங்கிய தொட்டியிலும், அண்மையில் கசடை முழுதாக அள்ளிய தொட்டியிலும் இப்படி இருப்பது இயல்புதான். கோப்பி ஓ போலக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. வெண்ணிற நுரை பொங்கினால் சோப்புத் தூள் கூடிவிட்டது அல்லது தொட்டி இன்னும் இளசு. தடித்த பழுப்பு நுரை மேலே ஆடைபோல் படிந்தால் பெரும்பாலும் எண்ணெய்தான், அல்லது கசடு பழையதாகிவிட்டது.

பராமரிப்புக்கு வருபவரிடம் இன்னொரு சோதனையும் கேட்கலாம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றறையிலிருந்து ஒரு லிட்டர் நீரைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் எடுத்து, 30 நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். கசடு அடியில் படிந்து மேலே நீர் தெளிய வேண்டும். படிந்த கசடு போத்தலில் 60 விழுக்காட்டைத் தாண்டினால் அள்ளும் நேரம் வந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்தும் மேல்நீர் கலங்கலாகவே இருந்தால் எங்கோ கோளாறு. எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையைச் செய்யாமல், பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டுப் போகிறவர் செய்தது பராமரிப்பு ஆகாது. எல்லா மூடிகளையும் திறந்தாரா, வெளியேறும் நீரைப் பார்த்தாரா என்று வீட்டுக்காரர் கூடவே நின்று கவனிப்பதில் தவறில்லை.

ஜப்பானில் ‘ஜோகாசோ’ எனப்படும் வீட்டுத் தொட்டிகளுக்கென்றே 1983இல் தனிச் சட்டம் வந்தது. உரிமையாளர் பராமரிக்கவும், கசடு அள்ளவும், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கவும் அந்தச் சட்டம் கடமைப்படுத்துகிறது. தொட்டியை விற்பதோடு வேலை முடியாது என்பதை அங்கே சட்டமே ஏற்றுக்கொண்டது.

எது உள்ளே போகலாம்?

முறுக்குச் சுட்ட எண்ணெய் போகக்கூடாது. பண்டிகைக் காலத்தில் தொட்டிக்கு வரும் பெரிய ஆபத்து இதுதான். சட்டியில் மிஞ்சியதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் அது குழாயில் உறைந்து, முதல் அறையில் மிதந்து, மெல்ல மெல்லக் காற்றறைக்குள்ளும் நுழையும். பழைய சமையல் எண்ணெயை எடைபோட்டு வாங்கும் மறுசுழற்சிக்காரர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். போத்தலில் சேர்த்துவைத்தால் கையில் காசும் வரும். தேங்காய்ப்பால் குழம்புச் சட்டியைக் கழுவுவதற்கு முன் தாளால் துடைத்துவிடுவது நல்ல பழக்கம். சமையலறைக் குழாயில் எண்ணெய் பிடிக்கும் பெட்டி இருந்தால் வாரந்தோறும் வழித்து எடுக்க வேண்டும். வாரம் தவறிய பெட்டி, இல்லாத பெட்டிக்குச் சமம்.

ஈரத்தாள், மாதவிடாய்ப் பஞ்சு, குழந்தை டயப்பர், பஞ்சுக் குச்சி எதுவும் கழிப்பறைக்குள் போகக்கூடாது. ஈரத்தாள் உறையில் கழிப்பறையில் போடலாம் என்று அச்சிட்டிருந்தாலும் அது குழாயில் கரைவதில்லை.

குளோராக்ஸ் போன்ற வெளுப்பானை அறவே தொடக்கூடாது என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அவ்வளவு தேவையில்லை. வாரத்தில் ஒருமுறை கழிப்பறையை அளவாகக் கழுவுவதைத் தொட்டி தாங்கும். ஒரு போத்தலை மொத்தமாகக் கவிழ்ப்பதும், அடைப்பு நீக்கும் கடுமையான திரவங்களை அடிக்கடி ஊற்றுவதும்தான் நுண்ணுயிர்களைக் கொல்லும். இறந்துவிட்டனவே என்று கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியை வாங்கிக் கொட்டுவதும் வீண் செலவு. வேண்டிய நுண்ணுயிர்கள் வீட்டில் உள்ளவர்களின் வயிற்றிலிருந்தே நாள்தோறும் இலவசமாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது காற்றுதான்.

நீரின் அளவும் முக்கியம். 5 பேருக்கு என்று அமைத்த தொட்டியில் 60 பேர் வந்து போகும் விருந்து நடந்தால், படிய வேண்டிய கசடு படிய நேரமின்றி வெளியே அடித்துச் செல்லப்படும். மேற்புறம் துணி போடும் பெரிய சலவை இயந்திரம் ஒரு சுற்றுக்கே 100 லிட்டருக்கு மேல் தள்ளக்கூடும். விருந்துக்கு முதல் நாளும் மறுநாளும் துணி துவைப்பதைத் தள்ளிப்போடலாம். கல்யாணம், நலங்கு என்று பெரிய கூட்டத்தை வீட்டிலேயே கூட்டுகிறவர்கள் நடமாடும் கழிப்பறையை வாடகைக்கு எடுப்பது மேல். ஒழுகும் கழிப்பறைத் தொட்டி இரவு முழுக்க ஓடுவதும் இதே கேட்டைச் சத்தமில்லாமல் செய்யும். மழைநீர்க் குழாயை இந்தத் தொட்டியோடு ஒருபோதும் இணைக்கக்கூடாது.

லாரி வரும் நாள்

‘பென்யாஹெனாப்செமாரான்’ என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். நாக்கு சுளுக்கும் அந்தச் சொல்லுக்குக் கசடு அகற்றுதல் என்றே பொருள். 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின் கீழ், தன் வீட்டுத் தொட்டிக்கு உரிமையாளரே பொறுப்பு. செப்டிக் தொட்டியின் கசடை 2 ஆண்டுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். தீபகற்பத்தின் பெரும்பகுதியில் இண்டா வாட்டர் இந்தச் சேவையை வழங்குகிறது. தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி பெற்ற தனியார் குத்தகையாளர்களும் செய்கிறார்கள். சபா, சரவாக்கில் ஏற்பாடு வேறு. மலிவாக வரும் லாரியிடம் கசடை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டு, ரசீதும் வாங்க வேண்டும். செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் போய்ச் சேரும் கசடுக்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை.

காற்றூட்டும் அமைப்பில் ஒரு வேறுபாடு உண்டு. முதல் அறையை முழுதாக அள்ளலாம். காற்றறையை அப்படித் துடைத்து எடுக்கக்கூடாது. தயிருக்கு உறை வைப்பதுபோல், பழைய கசடில் கொஞ்சத்தை விட்டுவைத்தால்தான் புதுக் கூட்டம் விரைவில் பெருகும். லாரிக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அள்ளிய கையோடு தொட்டியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். இது வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் இப்போதைய தொட்டிகள் பலவும் இலேசான கண்ணாடியிழையால் ஆனவை. நிலத்தடி நீர் உயர்ந்த மழைக்காலத்தில் வெறும் தொட்டி படகுபோல் மிதந்து, குழாய்களை முறித்துக்கொண்டு மேலே வந்துவிடும். கிழக்குக்கரையில் இருப்பவர்கள் நவம்பர் பிறப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. வெள்ளத்தில் மூழ்கிய பம்பை, மின் பணியாளர் பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது.

மூடிக்கு அப்பால் தலை போகக்கூடாது

இதுவரை சொன்னதில் ஏதாவது தவறினால் நாற்றமும் செலவும்தான். இங்கே தவறினால் உயிர் போகும். தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் சேரும், பிராணவாயு குறையும். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிகவும் ஆபத்தானது. கைப்பேசி விழுந்தாலும், சாவி விழுந்தாலும், குழாய் கழன்றாலும் இறங்கக்கூடாது. குனிந்து தலையை நுழைக்கவும் கூடாது. திறந்த தொட்டியருகே சிகரெட் பற்றவைக்கக்கூடாது.

ஒருவர் மயங்கி விழுந்தால் அடுத்தவர் காப்பாற்ற இறங்குவதும், அவரும் மயங்குவதும்தான் இத்தகைய விபத்துகளின் கதை. பெரும்பாலும் அண்ணன் தம்பி, அப்பா மகன். பம்பு ஓடுகிறதே, உள்ளே காற்று இருக்குமே என்ற எண்ணமும் தவறு. காற்றில்லாத முதல் அறை பக்கத்திலேயே இருக்கிறது. வெளியே நின்றபடி 999ஐ அழைப்பதுதான் செய்ய வேண்டியது. மூடிய இடங்களில் வேலை செய்வதற்கென வேலையிடப் பாதுகாப்புத் துறை 2010இல் வெளியிட்ட நடைமுறைக் கோவை, வாயுச் சோதனையும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்கிறது. தெரிந்த பிளம்பர், 50 ரிங்கிட் கொடுத்தால் இறங்குவார் என்று யாராவது சொன்னால், அவரை இறங்கவிடாமல் தடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

மூடிகளையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். வெடித்த சிமெண்டு மூடியின் மேல் பூந்தொட்டி வைத்து மறைப்பது வழக்கமாகிவிட்டது. பூந்தொட்டியை நகர்த்திவிட்டு அங்கே விளையாடும் பிள்ளைக்கு அது தெரியாது. திருகாணியிட்டுப் பூட்டும் மூடியாக மாற்ற வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விடும்போது தொட்டியின் வரைபடம், மூடிகள் இருக்கும் இடம், பம்பின் சுவிட்ச், கடைசியாகக் கசடு அள்ளிய தேதி, டயாப்ரம் மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிச் சாவியோடு கொடுப்பது நல்லது. தண்ணீர் பில், மின் பில் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறவர்கள், பம்ப் எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வாடகைக்காரரின் மீட்டரில் அது ஓடினால், என்றைக்காவது ஒரு நாள் அந்தச் சுவிட்ச் அடைக்கப்படும்.